நெட்லிங்க் செய்திகள் தவறிப்போகின்றன, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, லினக்ஸில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களைக் கண்காணிக்க சி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதியிருக்கிறேன். கேபிளைப் பிடுங்கினாலும் செருகினாலும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நிரல்களோடு பேசும் வழியான நெட்லிங்க் சாக்கெட்டில், இன்டர்ஃபேஸ் மாறியதைச் சொல்லும் ஆர்டிஎம்_நியூலிங்க் (RTM_NEWLINK) செய்தி அனுப்புகிறது, அதுவரை சரி. ஆனால் சோதனைக்காக 500 வீஎத் (veth, ஒன்றோடொன்று இணைந்த மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) ஜோடிகளை மளமளவென்று உருவாக்கினால் சாக்கெட்டின் பஃபர் நிரம்பி ஈநோபஃப்ஸ் (ENOBUFS, பஃபரில் இடமில்லை) பிழை வருகிறது. இடையில் விட்ட செய்திகள் போனது போனதுதான், கர்னல் மறுபடி அனுப்பாது. பெறும் பஃபரின் அளவை எஸ்ஓ_ஆர்சிவிபஃப் (SO_RCVBUF) அமைப்பு மூலம் கூட்டிப் பார்த்தேன். பிழை தள்ளிப்போகிறதே தவிர நிற்கவில்லை.

இப்போது பிழை வந்ததும் ஆர்டிஎம்_கெட்லிங்க் (RTM_GETLINK) கோரிக்கை அனுப்பி இன்டர்ஃபேஸ்களின் முழுப் பட்டியலையும் திரும்ப வாங்குகிறேன். அது வந்துகொண்டிருக்கும்போதே ஓர் இன்டர்ஃபேஸ் அழிந்தால் என்ன செய்வது? பட்டியலுக்கும் அறிவிப்புக்கும் தனித்தனி சாக்கெட் வைப்பது நல்லதா, ஒன்றே போதுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நான் பயன்படுத்துவது டெபியன் 12.