தரைமட்டத்தில் இற்றுப்போகும் மரம்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோப்பில் காற்றுக்குச் சாய்ந்த ஒரு மாமரத்தின் அடிக்கட்டையை வாங்க ஆள் வராததால், பட்டையைக்கூட உரிக்காமல் வரப்போரம் உருட்டிவிட்டோம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் வண்டு துளைத்த மாவு பட்டையின் வெடிப்புகளில் உதிர்ந்தது. அடுத்த ஆண்டு பக்கவாட்டில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தது. நான்காம் ஆண்டில், மேலே உறுதியாகத் தெரிந்த அந்தக் கட்டையைப் புரட்டியபோது, மண்ணில் பதிந்திருந்த பக்கம் கையோடு வெள்ளை நார் நாராகப் பிய்ந்து வந்தது. இப்போது அங்கே கறுத்த மட்கும் சில செதில்களும் மட்டுமே கிடக்கின்றன.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது மாட்டுக் கொட்டகைதான். அப்பா நட்ட கருவேலங்கால்களைச் சென்ற ஆண்டு பிடுங்கினோம். கூரையைத் தாங்கிய பகுதி நன்றாக இருந்தது. இரண்டடி ஆழத்தில் புதைந்திருந்த நுனியும் பெரும்பாலும் கெட்டியாகவே இருந்தது. தரைமட்டத்தில் ஒரு சாண் அளவு மட்டும் உடுக்கையின் இடைபோல அரிக்கப்பட்டு மெலிந்திருந்தது. மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம், காற்று இரண்டும் வேண்டும். மரத்தின் உலர் எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிற்குமானால் பூஞ்சை வளர்வதில்லை. 30 விழுக்காட்டை நெருங்கும்போது அது தழைக்கிறது. காலின் மேற்பகுதி வெயிலில் காய்ந்துவிடுகிறது, ஆழத்தில் காற்று குறைவு. கோமியமும் மழைநீரும் ஊறி, காற்றும் தாராளமாகக் கிடைக்கும் இடம் தரைமட்டம் ஒன்றே.

இதற்கு நேர்மாறான சான்று எங்கள் கிணற்றிலேயே கிடைத்தது. தண்ணீர் தெளிவதற்காகத் தாத்தா காலத்தில் போட்ட நெல்லிக்கட்டைகள், வறட்சியில் தூர் வாரியபோது சேற்றிலிருந்து வெளிவந்தன. நிறம் கறுத்திருந்ததே தவிர, உளி பட்டால் கணீரென்று ஒலித்தன. நீருக்கடியில் காற்று எட்டாததால்தான் அவை இத்தனை காலம் தங்கின என்று நினைக்கிறேன். ஆனால் அவற்றை வெயிலில் போட்டது தவறு. ஒரே வாரத்தில் நெடுக வெடித்துவிட்டன. நிழலில் மெல்ல உலர்த்தியிருக்க வேண்டும்.

அஞ்செட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா சொன்ன தரைமட்டச் சிதைவை நானும் கண்டிருக்கிறேன். எந்த மரம் என்பதோடு, அம்மரத்தின் எந்தப் பகுதி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆச்சா மரத்தின் வைரம், அதாவது நடுவில் முற்றிய உள்மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமானது. எங்கள் பழைய வேலியில் நின்ற ஆச்சாக் கால் ஒன்றில், வெளியே இருந்த வெளிறு என்னும் முற்றாத மரம் முழுவதையும் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது. உள்ளே மணிக்கட்டுப் பருமனுள்ள வைரம் மட்டும் கம்பிபோல நின்றது. ஆகவே கால் வாங்குவோர் பருமனைப் பார்த்து ஏமாறாமல், வெட்டுவாயில் வைரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரத்துண்டுகளைப் பாதி புதைத்து வைத்துச் சோதிப்பார்கள். 120 மாதங்களுக்கு மேல் தாங்குபவை முதல் வகுப்பு, 60 மாதங்கள்கூடத் தாங்காதவை மூன்றாம் வகுப்பு. தேக்கின் வைரம் முதல் வகுப்பிலும், மா மூன்றாம் வகுப்பிலும் வருகின்றன. தங்கள் தோப்புக் கட்டையின் கதையும் அதற்கு ஒத்துத்தான் போகிறது.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய ஈரம் காயாத கால்களுக்குத் தார் பூசி நட்டேன். உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியின்றி, மூன்று ஆண்டுகளில் தார்த்தோல் மட்டும் கூடாக நிற்க, உட்புறம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியானது. பட்டை உரித்து, தரையில் படாமல் அடுக்கி, ஓர் ஆண்டாவது நிழலில் காயவிட்ட பிறகே எதையும் பூசலாம்.

எங்கள் பழைய வீட்டுத் திண்ணைத் தூண்கள் மண்ணைத் தொடுவதே இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் முழங்கால் உயரக் கல் இருக்கிறது. தங்கள் கொட்டகைக்குப் புதிய கால் நடுவதானால், நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை; கல்லைப் புதைத்து அதன் மேல் மரத்தை நிறுத்துங்கள்.