மறு: நிறுவலின் முடிவில் போடும் சதுரத்துக்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் கணிதக் கட்டுரைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு முதலிலிருந்து ஒருமுறை படித்தேன். தேற்றம், வரையறை, எடுத்துக்காட்டு, குறிப்பு ஆகிய தலைப்புச் சொற்களில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. துணைத்தேற்றம் என்பதை மட்டும் சிலர் தேற்றத்துக்கு முன்னால் வருவதற்கும், சிலர் பின்னால் வருவதற்கும் எழுதியிருக்கிறீர்கள். தேற்றத்தை நிறுவத் துணையாக முன்னால் நிற்பது துணைத்தேற்றம், தேற்றத்திலிருந்து கிளைத்துப் பின்னால் வருவது கிளைத்தேற்றம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

தேற்றம் உண்மை எனக் காட்டும் வாதத்துக்கு நிரூபணமா நிறுவலா என்பதில் என் ஓட்டு நிறுவலுக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல் நிரூபணம் என்கிறது. இலங்கைப் பிள்ளைகள் நிறுவல் என்று படிக்கிறார்கள். நிறுவு, நிறுவுக, நிறுவினோம், நிறுவப்பட்டது என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அது வளைந்து கொடுக்கிறது. இங்கே பெங்களூரில் பக்கத்து வீட்டுப் பையனின் கன்னடக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். தேற்றம் அவர்களுக்குப் 'பிரமேய', நிறுவல் 'சாதனெ'. தத்த, சாதனீய, ரசனெ, சாதனெ என்று தலைப்புகள் வரிசையாக வருகின்றன. நாம் பள்ளியில் எழுதிய கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க, அமைப்பு, நிரூபணம் என்ற அதே வரிசை! ஆனால் தமிழில் சாதனை வேறு பொருளில் ஊன்றிவிட்டது. அந்த வழியில் நாம் போக முடியாது.

இனி இந்த மடலின் விஷயம். நிறுவலின் கடைசி வரியில் வலது ஓரத்தில் போடும் அந்தச் சின்னச் சதுரம். அதற்குத் தனிப்பெயர் தேவையா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார்:

> தேற்றம், நிறுவல் என்று பெயர் வைத்தால் போதாதா? ஓர் அலங்காரக் குறிக்கும் கலைச்சொல் வேண்டுமா?

அலங்காரம் என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. ஆங்கிலக் கணித இதழ்களுக்குப் பக்கம் கட்டுவதுதான் என் தொழில். நாள் முழுக்க லேடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில்தான் இருப்பேன். அதற்கென அமெரிக்கக் கணிதச் சங்கம் தரும் வடிவமைப்புத் தொகுப்பை எடுத்துக்கொண்டால், தேற்றம் என்ற தலைப்பு தடித்த எழுத்தில் வரும், தேற்றத்தின் கூற்று முழுக்கச் சாய்வெழுத்தில் வரும். நிறுவல் தொடங்கியதும் எழுத்து நிமிர்ந்துவிடும். வரையறைக்குத் தலைப்பு மட்டும் தடிப்பு, உடல் நிமிர்வு. குறிப்புக்குத் தலைப்பு மட்டும் சாய்வு. நிறுவல் முடிந்ததும் வலது ஓரத்தில் சதுரம் தானாக வந்து உட்காரும். அடுத்த தேற்றம் மறுபடி சாய்வில் வருவதால், சதுரம் இல்லாவிட்டாலும் ஆங்கில வாசகர் ஓரளவு சமாளித்துவிடுவார்.

தமிழில் அப்படி முடியாது. நம் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருள் வலிந்து சாய்த்தால் ழகரத்தின் கால் அடுத்த எழுத்தை இடிக்கிறது. ணை, லை போன்றவை விழப்போகிறவைபோல் நிற்கின்றன. ஐந்து வரிக் கூற்றை அப்படி யாரும் படிக்கமாட்டார்கள். ஆகவே நம் பக்கத்தில் கூற்று, நிறுவல், விளக்கம் எல்லாம் ஒரே நிமிர்ந்த எழுத்தில்தான் வரும்.

போன மாதம் பகா எண்கள் பற்றிய நம் கட்டுரையின் மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் திருத்தும் படியை, இங்கே அல்சூரில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். மெய்ப்புக்கும் நிறுவலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் (proof), நமக்கு இரண்டு. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். அந்த மெய்ப்பில் சதுரம் போட நான் விட்டுவிட்டேன். அவர் சிவப்புப் பென்சிலோடு படித்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் நிறுவல் முடிந்து, யூக்ளிட் பற்றிய பேச்சு தொடங்கும் இடத்தில், பென்சில் கோடு இரண்டு பத்தி தாண்டிப் போய்த் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் "நிரூபணம் எங்கே முடிகிறது?" என்று எழுதியிருந்தார். நாற்பது ஆண்டு வடிவியல் நடத்தியவருக்கே இந்த நிலை என்றால், முதல்முறை படிக்கிற மாணவர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் சாய்வும் சதுரமும் பங்குபோட்டுச் செய்யும் வேலையைத் தமிழில் சதுரம் ஒற்றை ஆளாகச் செய்கிறது.

அப்படி ஒரு பாகத்துக்குப் பெயரில்லாமல் வேலை நடக்காது. இப்போது தொலைபேசியில் "கடைசியில டப்பா போடுங்க" என்கிறோம். எந்த டப்பா என்று அச்சகத்தில் கேட்கிறார்கள்.

வந்த பரிந்துரைகளில் மிக அழகானது நடுகல். இந்தக் குறியைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் பால் ஹால்மோஸ் என்ற கணிதவியலர். பொது இதழ்களில் கட்டுரை முடிவைக் காட்டப் போட்டுவந்த குறியிலிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் பெயராலேயே அதை ஹால்மோஸ் என்பவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் பரவலான செல்லப்பெயர் கல்லறைக்கல். அங்கிருந்துதான் நம் அன்பர் நடுகல்லுக்கு வந்திருக்கிறார். சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த ஊரின் பெயரே முதலில் கிடைப்பது பேகூர்க் கோயிலில் உள்ள, ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு நடுகல்லில்தான். பெங்களூர்ப் போர் என்று அதில் வருகிறது. பேகூர் போயிருந்தபோது அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அதனால்தான் தயங்குகிறேன். நடுகல் என்றால் மண்ணுக்காக விழுந்தவனின் நினைவு. ஊரார் படையல் வைத்த கல். நிறுவல் முடிந்த இடத்தில் யாரும் விழவில்லை. ஒரு தேற்றம் எழுந்து நிற்கிறது. ஆங்கிலச் செல்லப்பெயரின் உருவகத்தைச் சுமப்பதற்காக நம் சொல்லின் கனத்தை இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, எ-று. பழைய உரைப் பதிப்புகளில் நூற்பாவுக்குப் பொருள் சொல்லத் தொடங்கும்போது இ-ள் என்றும், சொல்லி முடித்ததும் எ-று என்றும் போடுவார்கள்: இதன் பொருள், என்றவாறு. தமிழ் உரைகாரர்கள் தாங்கள் பேசி முடித்த இடத்தைக் குறித்துவைத்த மரபு இது. ஆனால் எ-று வந்ததோடு பேச்சு முடிவதில்லை. பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உரைகாரர் காரணம் காட்டி வாதிடத் தொடங்குவார். நமக்கு வேண்டியதோ வாதம் முடியும் இடம். யூக்ளிட் மரபில் கடைசியில் வரும் "எதை நிறுவ வேண்டுமோ அது" என்ற தொடருக்கு, நாம் பள்ளியில் எழுதிய 'என நிறுவப்பட்டது' போதும். அது தொடர், நாம் தேடுவது குறியின் பெயர்.

மூன்றாவது முற்றுக்கட்டம். முந்தாநாள் இதைத்தான் நான் முழுமனதோடு ஆதரித்து எழுதினேன். வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி, நிறுவலுக்கு முற்றுக்கட்டம் என்றால் விளக்கமே வேண்டாம் என்று தோன்றியது. அதே ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "இறுதிக்கட்டம் மாதிரியா? நிரூபணத்தோட கடைசிப் படியா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. கட்டம் என்றால் கோடு போட்ட சதுரம் மட்டுமல்ல, நிலை என்றும் பொருள். காதில் விழும்போது இரண்டாவது பொருள்தான் முந்துகிறது. என் ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் முற்று என்ற முன்பாதியை விட மனமில்லை. அதோடு சதுரத்தைச் சேர்த்தால் முற்றுச்சதுரம். (முற்று வன்றொடர்க் குற்றியலுகரம், ஆகவே ச் மிகும்; 'முற்று சதுரம்' என்று பிரித்து எழுத வேண்டாம்.) ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் சதுரம் தெரியும். இதற்கு ஓர் அம்மா நேற்று எழுப்பிய தடை:

> முற்றுச்சதுரம் என்றால் முழுமையான வர்க்கம், 9, 16, 25 என்று படித்துவிட மாட்டார்களா?

மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எண்ணுக்கு நாம் சொல்வது முழு வர்க்கம், இருபடிக் கோவையை முழு வர்க்கமாக்கும் முறைக்குச் சொல்வது வர்க்கப் பூர்த்தி. எண்ணுக்கு வர்க்கம், வடிவத்துக்குச் சதுரம் என்று தமிழ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஆங்கிலம்தான் ஒரே சொல்லால் சமாளிக்கிறது. சிலர் கறுப்பாக நிரப்பிய சதுரம் போடுகிறார்கள், அதுவும் முற்றுச்சதுரம்தான். வேறு வடிவம் போடுகிறவர்களுக்குப் பொதுச்சொல்லாக முற்றுக்குறி இருக்கட்டும். கணினி எழுத்துக்குறித் தரமான யூனிகோடிலும் இதற்கென உள்ள கறுப்புக் குறியின் (∎) பெயர் வடிவத்தைச் சொல்லாமல் 'நிறுவலின் முடிவு' என்றுதான் இருக்கிறது.

பக்கத்தில் எப்படி நிற்கும் என்று பார்க்க ஒரு சின்ன எடுத்துக்காட்டு:

தேற்றம் 2. ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றை எண்ணே.
நிறுவல். ஒற்றை எண் ஒன்றை 2க + 1 என எழுதலாம். அதன் வர்க்கம் 4க² + 4க + 1, அதாவது 2(2க² + 2க) + 1. இதுவும் ஒற்றை எண்ணே. □

கடைசி வரியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் நிறுவல் அடிக்கடி தனிவரிச் சமன்பாட்டில் முடியும். அப்போது சதுரம் கீழே வெற்றுவரியில் தனியாகப் போய் விழும். அதைச் சமன்பாட்டின் வரிக்கே இழுத்துவர லேடெக்கில் தனிக்கட்டளை உண்டு, தினமும் பத்து முறையாவது தட்டுகிறேன். தமிழில் சமன்பாட்டுக்குப் பிறகு 'ஆகும்', 'எனக் கிடைக்கிறது' என்று ஒரு சொல் வந்தே தீரும், சதுரம் அந்தச் சொல்லின் வரியில் இயல்பாக உட்கார்ந்துவிடும். பகா எண் கட்டுரையில் அந்தக் கட்டளை ஓரிடத்தில்கூடத் தேவைப்படவில்லை.

இதற்கு மாறாக, தேற்றத்தைப் பிற இடத்தில் சுட்டும் எண்தான் நமக்குத் தொல்லை. கணினி தானாகத் தருவது 'தேற்றம் 2'. நமக்கோ 'தேற்றம் 2இன்படி', '2ஆம் தேற்றத்தால்' என்று உருபு வேண்டும். எண்ணை மட்டும் கணினியிடம் வாங்கிக்கொண்டு, 'தேற்றம்' என்ற சொல்லையும் உருபையும் கையால் எழுதுவதே நல்லது. இதற்கு வேறு வழி கண்டவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.

திருத்திய மெய்ப்பில் கூற்றுகளுக்கு இடப்பக்கம் மெல்லிய கோடு ஒன்றும், நிறுவல் ஒவ்வொன்றுக்கும் முற்றுச்சதுரமும் போட்டு நேற்று ஆசிரியரிடம் கொடுத்தேன். இந்த முறை பென்சில் கோடு சரியான இடத்தில் நின்றிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை கோப்பு அச்சுக்குப் போகிறது. இலங்கை அன்பர்கள் காதுக்கு முற்றுச்சதுரம் எப்படி ஒலிக்கிறது என்று வியாழனுக்குள் ஒரு வரி எழுதினால், சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து