மடிக்கணினிக்கு மாற்றாக ராஸ்பெரி பை: கரையோரப் பயணத்துக்குத் தாங்குமா?

கேள்வி: தங்கச்சிமடத்தான்

வணக்கம். என் மடிக்கணினி சர்வீஸுக்குப் போயிருக்கிறது. திரும்பி வர மாதக் கடைசி ஆகிவிடும். அதற்குள் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் ஆகிய ஊர்களில் தங்கி, கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழுக்களின் மிதவைக் கணக்கையும் உலர்ந்த பாசியின் எடையையும் நாள்வாரியாக விரிதாளில் ஏற்ற வேண்டும். கைவசம் 4 ஜிபி ராஸ்பெரி பை 4 (ஒரே பலகையில் அமைந்த கையடக்கக் கணினி) இருக்கிறது. லாட்ஜ் அறை டிவியைத் திரையாக்கிக்கொண்டு, கீபோர்டும் மவுஸும் மட்டும் எடுத்துச் சென்றால் வேலை நடக்குமா? தமிழ்த் தட்டச்சும் வேண்டும்.

மறுமொழி: உப்புக்காற்று

விரிதாள் வேலைக்கு அது தாராளமாகப் போதும். விரிதாள் வசதியுள்ள இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் சிரமமின்றி இயங்கும். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைமுறையையும் சேர்த்துக்கொள்ளலாம். உலாவியில் பத்துப் பதினைந்து தாவல்களைத் திறந்தால் மட்டுமே அது திணறும்.

தொல்லை தருவது பலகையன்று, அதைச் சுற்றியுள்ளவைதான். பை 4-இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ, அதாவது டிவியில் இருப்பதைவிடச் சிறிய எச்டிஎம்ஐ துளை. அதற்குரிய கேபிள் அவசரத்துக்கு எல்லாக் கடைகளிலும் கிடைத்துவிடாது. லாட்ஜ் டிவிகள் சுவரோடு ஒட்டியிருப்பதால் பின்புறத் துளைக்குக் கையே நுழையாத இடங்களும் உண்டு. ஆகவே நீளமான கேபிளாக எடுத்துக்கொள்ளுங்கள். பை 4-இல் உள்ள இரண்டில், அதன் மின்சாரத் துளைக்கு அருகிலுள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகி, டிவியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பையை இயக்குங்கள். மாற்றிச் செய்தால் சில டிவிகளில் படமே வராது.

இன்னொன்று தங்கள் வேலைக்கு மிக முக்கியமானது. பை 4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத இடத்தில் இயக்கினால், கடைசியாக அணைத்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும். நேற்றைய தேதியில் இன்றைய எடை பதிவாகிவிடும். முதலில் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, நேரம் சரியானதைப் பார்த்த பிறகே தாளைத் திறங்கள்.

மறுமொழி: கீழக்கரை வாசகன்

நான் இதற்கு உடன்படமாட்டேன். எண்களை ஏற்றுவதுதான் வேலை என்றால், போனோடு ஒரு ப்ளூடூத் கீபோர்டை இணைத்தாலே முடிந்துவிடும். டிவி இல்லாத அறை கிடைத்தால் பையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

கேள்வி கேட்டவர்: தங்கச்சிமடத்தான்

பல தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியிருப்பதால் போன் திரை போதாது, ஐயா. கரண்ட் போனால் பவர் பேங்கில் ஓடுமா?

மறுமொழி: உப்புக்காற்று

ஓடும். ஆனால் பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் பெரிய வாட் எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 9 அல்லது 12 வோல்ட்டுக்கான கணக்கு. பை 4 வாங்குவது 5 வோல்ட் மட்டுமே. ஆகவே ‘5 வோல்ட், 3 ஆம்பியர்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில், இழப்புப் போக, பை மட்டும் சுமார் 5 மணி நேரம் ஓடும். போனையும் அதிலேயே செருகிச் சார்ஜ் ஏற்றினால் அந்த நேரம் குறையும். டிவிக்கு இது உதவாது என்பதால், கரண்ட் இல்லாத வேளையிலும் எழுத வேண்டுமானால் யூஎஸ்பியில் இயங்கும் சிறு திரையும், அதற்கென இன்னொரு பவர் பேங்கும் தேவைப்படும்.

சார்ஜரைச் செருகும்போதோ பிடுங்கும்போதோ சில பவர் பேங்குகள் ஒரு நொடி மின்சாரத்தை நிறுத்திவிடும்; பை அணைந்து மறுபடி எழும், எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும். கிளம்பும் முன் வீட்டிலேயே செருகிப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். கோப்பைத் தினமும் பென்டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். பையை மூடும் பெட்டி காற்றாடி வைத்ததாக இருந்தால், அது கடற்கரையில் உப்பையும் மணலையும் உள்ளே இழுக்கும். காற்றாடி இல்லாத அலுமினியப் பெட்டியே உகந்தது.