கண்ணாடி துடைக்கும் சாமான்களை நாமே மாற்றிக்கொள்வது: சேனல் வெட்டு, இடுப்பு வாளி, பழைய ஆர்ஓ

ஓஎம்ஆர்_கண்ணாடி:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் நான்கு பேர் சேர்ந்து கண்ணாடி துடைக்கும் வேலை செய்கிறோம். கடைகள், இரண்டு மூன்று மாடி அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள். வெளிநாட்டுச் சாமான் விலை கட்டுப்படியாகவில்லை. இருப்பதை மாற்றிக்கொள்ள மூன்று விஷயத்தில் சரியான அளவு வேண்டும்.

35 சென்டிமீட்டர் ஸ்டெயின்லெஸ் வைப்பரால் (தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை) இழுத்தால் சட்டத்தை ஒட்டி ஒரு விரற்கடை ஈரம் நின்றுவிடுகிறது. ரப்பரைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டையான சேனலின் முனையைச் சாய்வாக வெட்டினால் போய்விடும் என்கிறார்கள். எந்தப் பக்கம் வெட்டுவது, எவ்வளவு சாய்வு?

இடுப்பில் மாட்டும் வாளியை பிவிசி பைப்பில் செய்ய என்ன அளவு?

கடைசியாகத் தண்ணீர். போர் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டரில் கரைந்த உப்பு, மில்லிகிராமில்) 1100. கம்பில் பிரஷ் மாட்டித் தண்ணீர் ஏற்றிக் கழுவி, துடைக்காமல் அப்படியே காய விட வேண்டும். தினம் 150 லிட்டர் தேவைப்படும். கழற்றிப்போட்ட வீட்டு ஆர்ஓ மெஷின் இரண்டு கையில் இருக்கின்றன. டிஐ ரெசின் (தண்ணீரில் கரைந்த உப்பைப் பிடிக்கும் சின்ன மணிகள்) மட்டும் போட்டால் போதுமா, ஆர்ஓவும் வேண்டுமா?

அரமும்_ரம்பமும்:

சேனலில் கை வைப்பதற்கு முன் ரப்பரைப் பாருங்கள். பாதி வைப்பர்களுக்கு வெட்டே தேவைப்படாது. சேனலின் ஒவ்வொரு முனையிலும் ரப்பர் 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டும். அதாவது 35 செ.மீ. சேனலுக்கு ரப்பர் சுமார் 35.5 செ.மீ. ரப்பர் சேனலோடு சமமாக நின்றால் முதலில் உலோகம் சட்டத்தில் முட்டும், ரப்பர் அந்த ஓரத்தைத் தொடவே தொடாது. 5 மி.மீ.க்கு மேல் நீண்டாலும் தொல்லைதான். நுனி மடங்கிக்கொண்டு அது தனியாக ஒரு கோடு போடும்.

ரப்பரைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், முனை கோணலாகும். மரப்பலகையில் வைத்து, புது பிளேடைத் தண்ணீரில் நனைத்து, செங்குத்தாக ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டிய முனையில் படிக்கட்டுபோல் வரி விழும், அந்த வரி கண்ணாடியில் தெரியும்.

ரப்பர் சரியாக இருந்தும் ஓரம் ஈரமாக நின்றால் அப்போது சாய்வு வெட்டு. ரப்பர் இருக்கும் வாய்ப்பக்கம் முழு நீளத்துக்கு அப்படியே இருக்க வேண்டும், கைப்பிடி இருக்கும் முதுகுப்பக்கம்தான் உள்வாங்க வேண்டும். சுமார் 45 டிகிரி. வைப்பரைச் சாய்த்துச் சட்டத்தோடு ஒட்டி இழுக்கும்போது இடிப்பது அந்த முதுகு மூலைதான். அது போய்விட்டால் ரப்பரின் நுனி சட்டத்தின் அடிவரை போகும். வெட்டும்போது சேனலுக்குள் இறுக்கமாக ஒரு மரச் சீவலைச் செருகி வைஸில் பிடியுங்கள், இல்லாவிட்டால் வாய் நசுங்கும். ஹாக்சா பிளேடு அங்குலத்துக்கு 32 பல் உள்ளதாக இருக்கட்டும். பெரிய பல் மெல்லிய தகட்டைக் கவ்விக் கிழிக்கும்.

வெட்டியபின் எல்லோரும் வெளிப்பக்கப் பிசிறை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். ரப்பர் ஓடும் பள்ளத்துக்குள்ளும் பிசிறு நிற்கும். ஊசி அரத்தை உள்ளே விட்டு எடுத்து, 400 நம்பர் உப்புத்தாளால் முடியுங்கள். விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள், எதுவும் உறுத்தக் கூடாது. உள்ளே நிற்கும் ஒரு சின்னப் பிசிறு, ரப்பரை மாட்டும்போதே அதன் தண்டைக் கீறிவிடும்.

முனையை வெட்டியதும் அங்கே ரப்பரைப் பிடித்திருந்த கிளிப்புக்கு இடம் இருக்காது. ரப்பர் ஒரு பக்கமாக நழுவ ஆரம்பிக்கும். சைக்கிள் டியூபில் 3 மி.மீ. அகலம், 1 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை நறுக்கி, ரப்பரின் உருண்டைத் தண்டுக்குப் பின்னால் இரண்டு முனையிலும் செருகுங்கள். தண்டின் முதுகில்தான் அழுத்தம் விழ வேண்டும். கண்ணாடியைத் தொடும் உதட்டைத் தள்ளினால் அந்த இடத்தில் அலை விழுந்து நடுவில் ஈரக்கோடு வரும். ரப்பரையும் ரொம்ப இழுத்து மாட்டாதீர்கள். இழுத்து மாட்டியது வேலை நடுவில் சுருங்கி, நீட்டி விட்ட 3 மி.மீ. உள்ளே போய்விடும்.

இன்னொன்று. சேனலைக் குறைப்பதானால் இரண்டு பக்கமும் சமமாகக் குறையுங்கள், கைப்பிடி நடுவில் நிற்க வேண்டும். மிஞ்சிய துண்டு 9, 10 செ.மீ. இருந்தால் எறியாதீர்கள். குளியலறை லூவர் கண்ணாடிக்கு அதைவிடப் பொருத்தமான வைப்பர் கடையில் கிடைக்காது.

மேல்மாடி:

வாளிக்கு 110 மி.மீ. பிவிசி பைப், 25 செ.மீ. நீளம். அடியில் எண்ட் கேப், சால்வென்ட் போட்டு ஒட்டி ஒரு நாள் காய விடுங்கள். 35 செ.மீ. வாஷரில் (கண்ணாடியை நனைக்கும் துணி சுற்றிய கட்டை) பாதி உள்ளே இறங்க 17.5 செ.மீ. போதும், மீதி தண்ணீர் தெறிக்காமல் இருக்க. வாயில் 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரு யூ வெட்டு போட்டால் வாஷரின் கைப்பிடி அதில் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் 600 மில்லிக்கு மேல் வேண்டாம், அதுவே உள்ளே 7 செ.மீ. உயரம் வரும்.

பெல்ட் மாட்டும் கொக்கிக்கு ரிவெட் ஓட்டைகளை மேலிருந்து 6 செ.மீ.க்குள் போடுங்கள். கீழே போட்டு எம்சீல் வைத்து அடைப்பது நிற்காது, பெல்ட் ஆட்டத்தில் அது விட்டுப்போகும். கீழ்ப்பக்கம் தொடையோடு சுற்றிக் கட்ட ஒரு வெல்க்ரோ பட்டை அவசியம். அது இல்லாமல் குனிந்தால் தண்ணீர் முழுக்கக் காலில். வைப்பரை அதே பைப்பில் வாஷரோடு சேர்த்துச் செருகக் கூடாது, வாஷர் துணியில் இருக்கும் மணல் ரப்பரின் விளிம்பைத் தின்றுவிடும். பக்கத்தில் 63 மி.மீ. பைப் ஒன்றை ஒட்டி, அடி திறந்தபடி விட்டால் வைப்பர் அதில் வடிந்துகொண்டே நிற்கும்.

உயரத்தில் நின்று செய்யும் வேலைக்கு ஒரு கண்டிப்பு: வெட்டி ஒட்டி மாற்றிய எந்தச் சாமானும் கயிறு இல்லாமல் மேலே போகக் கூடாது. கயிற்றைக் கைப்பிடியில் மட்டும் கட்டினால் போதாது. கைப்பிடி திருகு தளர்ந்தால் சேனல் தனியாகக் கழன்று கீழே நடப்பவர் தலையில் விழும். சேனலின் முதுகில் 3 மி.மீ. ஓட்டை போட்டு மெல்லிய ஸ்டீல் ஒயரால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

சொட்டுநீர்:

தண்ணீர் விஷயத்துக்கு நான் வருகிறேன். கணக்கைப் போட்டாலே விடை கிடைத்துவிடும்.

நல்ல மிக்ஸட் பெட் ரெசின் (ஆனயான், கேட்டயான் என்று இரண்டு வகை மணி கலந்தது) ஒரு லிட்டர், தோராயமாக 25 கிராம் உப்பைப் பிடிக்கும். உங்கள் 150 லிட்டர் தண்ணீரில் 1100 டிடிஎஸ் என்றால் 165 கிராம் உப்பு. ரெசின் மட்டும் போட்டால் ஒரு நாளைக்கே ஆறரை லிட்டர் ரெசின் தீர்ந்துவிடும். முன்னால் ஆர்ஓ வைத்து 80க்கு இறக்கினால் அதே 150 லிட்டரில் 12 கிராம்தான். 8 லிட்டர் ரெசின் இரண்டு வாரத்தை ஒட்டி வரும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை ஆர்ஓ தடுக்காது. அதுவும் ரெசினைத் தின்னும் என்பதால் கணக்கில் வருவதைவிட இரண்டு மூன்று நாள் குறைத்தே எதிர்பாருங்கள்.

இனி அந்தப் பழைய மெஷின். முதல் வேலை, அதற்குள் இருக்கும் டிடிஎஸ் கன்ட்ரோலரைக் கழற்றுவது. குடிநீருக்கு ருசி வேண்டும் என்று வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் சுத்தத் தண்ணீரோடு கலந்துவிடும் சின்ன வால்வு அது. மூடினால் மட்டும் போதாது, கசியும். எடுத்துவிட்டு டியூபை நேராக இணையுங்கள். மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதையும் எடுங்கள், நீக்கிய உப்பைத் திரும்பப் போடுவதுதான் அதன் வேலை. யூவி விளக்கு நமக்குத் தேவையில்லை. செடிமென்ட் ஃபில்டர், கார்பன், பம்ப், உப்பைத் தடுக்கும் மெம்ப்ரேன் இவை போதும். மெம்ப்ரேனைப் புதிதாகப் போடுங்கள், பழசு 1100 டிடிஎஸ் தண்ணீரில் நிற்காது.

75 ஜிபிடி (நாளுக்கு 75 காலன்) மெம்ப்ரேன் என்றால் ஏட்டுக் கணக்கில் நாளுக்கு 284 லிட்டர், மணிக்குக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு. உங்கள் தண்ணீரில் எட்டு ஒன்பதுதான் எதிர்பார்க்கலாம். இரண்டு மெஷினையும் தனித்தனிப் பம்போடு பக்கத்தில் வைத்து ராத்திரி ஒன்பது மணி நேரம் ஓடவிட்டால் 150 லிட்டர் சேரும். ஒரே வீட்டுப் பம்பில் இரண்டு மெம்ப்ரேனை இணைக்காதீர்கள். அழுத்தம் இறங்கி இரண்டிலும் உப்பு அதிகமாக வரும். கழிவுத் தண்ணீர் நிறையப் போகிறதே என்று அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்டிரிக்டரையும் இறுக்காதீர்கள், மெம்ப்ரேன் மேல் சுண்ணாம்பு படிந்து சீக்கிரம் அடைத்துப்போகும். அந்தக் கழிவுத் தண்ணீர் தரை கழுவ ஆகும், செடிக்கு ஆகாது.

ரெசின் குழாய்க்கு 110 மி.மீ. பைப் 1 மீட்டர் எடுத்தால் எட்டரை லிட்டர் கொள்ளும். அடியில் ஒட்டிய கேப், மேலே ரப்பர் வளையம் வைத்த திருகு மூடி. இரண்டு பக்கமும் ஆர்ஓ டியூப் கனெக்டர். நைலான் ஸ்டாக்கிங் துணி இரண்டு மடிப்பும், அதன்மேல் ஒரு ஸ்பாஞ்சும் வைத்தால் ரெசின் மணி வெளியே வராது. தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கட்டும். ரெசினைத் தட்டித் தட்டி விளிம்புவரை நிரப்புங்கள். மேலே காலி இடம் விட்டால் ஆட்டத்தில் மணிகள் கலைந்து, எடை குறைந்த ஆனயான் மேலே, கேட்டயான் கீழே என்று பிரிந்துகொள்ளும். பிறகு தண்ணீரின் டிடிஎஸ் பூஜ்யத்துக்கு இறங்காது. இந்தக் குழாயின் இடம் ஆர்ஓவுக்கும் சுத்தத் தண்ணீர் சேரும் டிரம்முக்கும் நடுவில், வெளிவாய் எப்போதும் திறந்தபடி. பம்புக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவில் வைத்தால் கேட் வால்வை மூடும்போது ஒட்டுப்போட்ட மூடி பிய்த்துக்கொண்டு போகும்.

எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நின்று கிடந்த ஆர்ஓவை ஓடவிட்டதும் முதல் சில நிமிடம் வரும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும், மெம்ப்ரேனின் இரண்டு பக்கமும் சும்மா நின்றபோது உப்பு ஊடுருவியிருக்கும். அதை ரெசினுக்குள் விடாதீர்கள். ஆர்ஓவுக்குப் பின்னால் ஒரு மூன்று வழி வால்வு போட்டு, முதல் இரண்டு லிட்டரை வெளியே தள்ளுங்கள். சின்ன வால்வுதான், ரெசினை எத்தனையோ நாள் காப்பாற்றும்.

டிரம்மில் டிடிஎஸ் 10 பிபிஎம் தாண்டியதும் ரெசினை மாற்றுங்கள். மீன் வாடை வந்தால் அது எப்போதோ தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓஎம்ஆர்_கண்ணாடி:

ரொம்ப நன்றி. டிடிஎஸ் கன்ட்ரோலர் பற்றி யாருமே சொன்னதில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் ஆகாதா? மேலே ஏற்ற 12 வோல்ட் பேட்டரி ஸ்பிரேயர், மருந்து அடிக்கிற 16 லிட்டர் டேங்க், அது தாங்குமா?

சொட்டுநீர்:

ஏசி தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் காயில் தகட்டுத் தூசும் பாசியும் சேர்ந்தே வரும். 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக விட்டு, மீட்டரில் பார்த்து, ரெசின் குழாயில் ஊற்றினால் தாராளமாக ஆகும். அப்படியே பிரஷ்ஷில் விட்டால் காய்ந்தபின் கண்ணாடியில் சாம்பல் பொட்டு நிற்கும்.

ஸ்பிரேயர் ஆகும், ஆனால் புதிதாக வாங்கியது மட்டும். ஒருமுறை பூச்சிமருந்து ஊற்றியதை எத்தனை முறை கழுவினாலும் அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்குக் கொண்டுபோகக் கூடாது. மருந்து தெளிக்கும் குழலான லான்ஸைக் கழற்றிவிட்டு 8 மி.மீ. பியூ (பாலியூரித்தேன்) டியூப் போடுங்கள். பிரஷ்ஷில் இரண்டு நாசில், 2 மி.மீ. ஓட்டை. அதைவிடச் சின்னதாகப் போட்டால் அழுத்தம் ஏறி பம்பின் பிரஷர் சுவிட்ச் டக் டக்கென்று விட்டு விட்டு ஓடும், சுவிட்ச் முனை கருகிப்போகும். தண்ணீர் அளவைக் குறைக்க வேண்டுமானால் ஓட்டையைக் குறைக்காமல் 12 வோல்ட் மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர் போட்டுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1.2 லிட்டர் விட்டால் ஒரு டேங்க் பதின்மூன்று நிமிடம்.

மேல்மாடி:

கம்பு பற்றி யாரும் சொல்லவில்லை. அலுமினியம் பெயின்ட் கம்பை நீட்டிக் கட்டாதீர்கள். ஓஎம்ஆர் உள் தெருக்களில் பால்கனிக்குக் கைநீட்டும் தூரத்தில் கரண்ட் கம்பி போகிறது. கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும். ஃபைபர்கிளாஸ்கூட வெளியே அழுக்கும் ஈரமும் படிந்தால் நம்ப முடியாது. கம்பு முழுதாக நீண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பிக்கு மூன்று மீட்டருக்குள் வரும் என்றால், அந்த ஜன்னலை உள்ளிருந்து வைப்பரால் துடையுங்கள்.