மகளின் முதல் பாயிண்ட் ஷூ: குதிகாலில் துணி மடிகிறது, ரிப்பனை எங்கே தைப்பது?

வெம்பிளி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 12 வயது. சின்ன வயதிலிருந்தே பாலே பழகுகிறாள், இப்போது வாரத்தில் மூன்று வகுப்பு. இந்தத் தவணையில் பாயிண்ட், அதாவது விரல் நுனியில் நின்று ஆடுவது, தொடங்கலாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். லண்டனில் ஒரு கடையில் நேரம் பதிந்து, அளவு பார்த்து, முதல் சோடி சப்பாத்து வாங்கிவந்தோம். ரிப்பனும் இலாஸ்டிக்கும் தனிப் பையில் போட்டுத் தந்தார்கள். தைப்பது நம் வேலையாம்.

வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகத் தாருங்கள் என்று கேட்டேன். கடைப் பெண் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பள்ளிச் சப்பாத்து என்றால் விரலுக்கு முன்னால் இடம் விட்டுத்தானே வாங்குகிறோம், இதற்கு மட்டும் ஏன் கூடாது?

அடுத்தது, நுனியில் நின்றால் குதிகாலுக்குப் பின்னால் சாட்டின் துணி தளர்ந்து மடிகிறது. இரண்டு விரலால் நன்றாகப் பிடித்து இழுக்கலாம். ரிப்பனை இறுக்கித் தைத்தால் இது சரியாகுமா? அந்த ரிப்பனை எந்த இடத்தில் தைப்பது என்பதும் எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வகுப்பு, அதனால் இன்றிரவே தைக்க உட்காரலாம் என்று இருக்கிறேன்.

நூலும் ஊசியும்

இன்றிரவு தைக்காதீங்க! தைத்த ஷூவைப் பொதுவாக எந்தக் கடையும் மாற்றித் தராது. அடியில் அழுக்குப் பட்டாலும் அப்படித்தான். தைக்காமலே வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்க. ஆசிரியை காலில் போட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு ஊசியை எடுக்கலாம். தையல் முறையை அப்போது விரிவாகச் சொல்கிறேன், அது என் வேலை.

மிசிசாகா அப்பா

எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. அரை அளவு கூட எடுத்து, முன்னால் ஜெல் பட்டையோ பஞ்சோ வைத்து நிரப்பினால் ஒரு வருடம் ஓடுமே? இந்தச் சப்பாத்தின் விலைக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

ஸ்கார்பரோ ரீச்சர்

சின்னப் பிள்ளைகளுக்கு பாலே சொல்லிக்கொடுக்கிறேன். மிசிசாகா அப்பா சொன்னதை யாரும் செய்துவிடக் கூடாது என்பதால் முதலில் அதற்குப் பதில்.

பள்ளிச் சப்பாத்தில் பிள்ளை பாதத்தை ஊன்றி நடக்கிறாள். இதில் உடல் எடை முழுவதும் விரல் நுனிப் பக்கம் இறங்கப் பார்க்கும். அந்த எடையை விரல் மட்டும் தாங்குவதில்லை. முன்பக்கத்தில் துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காகச் சேர்த்துக் கடினமாக்கிய கூடு இருக்கிறதே, பாக்ஸ் என்பார்கள், அது பாதத்தை எல்லாப் பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. உள்ளங்காலின் கீழே ஷாங்க் என்கிற விறைப்பான பட்டை வளைவைத் தாங்குகிறது. இந்த இரண்டும் காலோடு ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். முன்னால் இடம் இருந்தால் நுனியில் ஏறும்போது பாதம் அந்த இடத்துக்குள் சரிந்து இறங்கும். விரல் மடங்கும், நகம் அடிபடும், ஷாங்க் வளைவை விட்டுத் தள்ளி நிற்கும், கணுக்காலும் நிலைக்காது. பஞ்சு அடைத்தால் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் பஞ்சு அமுங்கும், பாதம் சரியும். பிள்ளைக்குத் தரை எங்கே என்ற உணர்வும் போய்விடும்.

கடைப் பெண் மறுத்தது நூற்றுக்கு நூறு சரி. பிள்ளை வளர்ந்தால் அடுத்த சோடிதான். செலவுதான், எனக்கும் தெரியும். எத்தனையோ பெற்றோர் என்னிடம் இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார்கள். ஆனால் இந்த வயதில் பாத எலும்பின் வளரும் பகுதிகள் இன்னும் மூடியிருக்காது. சிக்கனம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

வெம்பிளி அம்மா, உங்கள் குதிகால் விஷயத்துக்கு வருகிறேன். நுனியில் நிற்கும்போது பின்னால் கொஞ்சம் துணி கையில் வருவது இயல்பு. ஊன்றி நிற்கையில் பாதம் நீள்கிறது, நுனியில் ஏறியதும் குறுகுகிறது, அந்த மிச்சம்தான் பின்னால் தெரிகிறது. ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாகக் கிள்ள முடிந்தால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் சப்பாத்தின் நீளம் கூடிவிட்டது, இல்லாவிட்டால் அகலம் கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கம்பளத்தின் மேல், சப்பாத்துக்கு மேலே ஒரு சுத்தமான காலுறையை மாட்டிவிட்டு, இரண்டு காலையும் ஊன்றி முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். பாதம் முழு நீளத்துக்கு வருவது அப்போதுதான். விரல்கள் நேராக, மடங்காமல், முனையை மெல்லத் தொடுகின்றனவா? பிறகு மேசையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும், பாதி எடையோடு, கடையில் நின்ற மாதிரி நுனியில் வைக்கட்டும். பெருவிரல் நகம் அழுந்துகிறதா? பாதத்தின் மேல்பக்கத்துக்கும் துணி விளிம்புக்கும் இடையில் உங்கள் விரல் நுழைகிறதா? இதைப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். ஆசிரியை இல்லாமல் வீட்டில் நுனிக்காலில் நடக்கவோ பயிற்சி செய்யவோ வேண்டாம்.

வெம்பிளி அம்மா

நன்றி ரீச்சர். இப்போதுதான் பார்த்தோம். முழங்காலை மடக்கும்போது விரல்கள் நேராக இருந்து முனையைத் தொடுகின்றன, நோவில்லை என்கிறாள். நுனியில் வைத்தவுடன் "கீழே வழுக்குது அம்மா" என்றாள். பெருவிரல் நகம் அழுந்துகிறது. மேல் விளிம்புக்குள் என் ஆள்காட்டி விரல் சுலபமாகப் போய்வருகிறது.

ஸ்கார்பரோ ரீச்சர்

அப்படியென்றால் நீளம் சரி, அகலம்தான் கூட. பாக்ஸ் பக்கவாட்டில் கவ்வாததால் பாதம் உள்ளே இறங்குகிறது. இறங்கிய அளவுக்குக் குதிகால் பக்கம் துணி மிஞ்சுகிறது. இந்த நிலையில் நீளத்தைக் குறைத்தால் விரல் மடங்கி இன்னும் கெடும். ரிப்பனை இறுக்குவதாலும் ஒன்றும் ஆகாது. ரிப்பன் சப்பாத்தைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். பாதம் உள்ளே சரிவதைத் தடுக்க அதனால் முடியாது.

அதே நீளத்தில் ஒரு படி ஒடுக்கமான அகலம் கேளுங்கள். சில நிறுவனங்கள் அகலத்தை எக்ஸ், இரட்டை எக்ஸ் என்று குறிக்கும், எக்ஸ் கூடக்கூட அகலம் கூடும். வேறு சில பி, சி, டி என்று எழுத்துப் போடும். ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றில் போய்க் கேட்காதீர்கள். ஒரே நிறுவனத்திலும் வித்தியாசம் உண்டு. ஃப்ரீட் என்ற நிறுவனத்தின் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தால் செய்தவருடைய முத்திரை குத்தியிருக்கும், கைவேலை என்பதால் ஆளுக்கு ஆள் வார்ப்பு சற்று மாறும். பெரிய நடனமணிகள் தங்களுக்குப் பொருந்துகிற கையைக் கண்டுபிடித்து அந்த முத்திரையையே கேட்டு வாங்குவார்கள்.

எதற்கும் சனிக்கிழமை ஆசிரியை பார்க்கட்டும். பாதத்தை நேரில் பார்ப்பவர் அவர், நான் எழுத்தை வைத்துச் சொல்கிறேன். மாற்றப் போகும்போது மகள் வழக்கமாகப் போடும் டைட்ஸ், உள்ளே வைக்கும் மெல்லிய விரல் பட்டை இரண்டையும் கொண்டுபோங்கள். நகத்தை ஓரிரு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

வெம்பிளி அம்மா

ஆசிரியையும் அகலம்தான் என்றார். கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். புதியதில் நுனியில் நின்றால் குதிகாலில் துணி ஒரு மெல்லிய மடிப்புத்தான் வருகிறது, வழுக்கவில்லை என்கிறாள். ஆசிரியை பார்த்துச் சம்மதித்துவிட்டார். ஊசி அக்கா, இப்போது உங்கள் முறை. மகள் காணொளிகளைப் பார்த்துவிட்டு நுனியில் நூலால் பின்ன வேண்டும், ஷாங்கை வளைத்து உடைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறாள். அதுவும் செய்யவேண்டுமா?

நூலும் ஊசியும்

நல்ல சேதி. பர்மிங்காமில் மேடை உடை தைக்கிற வேலை எனக்கு. இந்த ரிப்பன் நிறையவே தைத்திருக்கிறேன்.

நுனியில் பின்னுவது இப்போது வேண்டாம். 1832-ல் பாரிஸ் மேடையில் மரி தாலியோனி என்ற நடனமணி நுனிக்கால் ஆட்டத்தால் பேரெடுத்த காலத்தில் ஷூவுக்குள் இப்படிக் கடினமான கூடு கிடையாது. மெல்லிய சாட்டின் ஷூதான். நுனியிலும் ஓரத்திலும் போட்ட நூல் பின்னல்தான் அதற்குக் கொஞ்சம் உறுதி கொடுத்தது. இன்று நுனித் துணி சீக்கிரம் கிழியாமல் இருக்கவும், வழுக்காமல் இருக்கவும் சிலர் பின்னுகிறார்கள். முதல் சோடிக்கு அது கட்டாயமில்லை. ஷாங்கில் கை வைக்கவே வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர் தன் காலுக்கு ஏற்ப உடைப்பதைப் பார்த்து, இன்னும் பலம் சேராத பிள்ளை உடைக்கக் கூடாது. ஆசிரியை சொன்னால் ஆசிரியையே செய்வார்.

ரிப்பன் சுமார் 22 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இரண்டரை மீட்டர் இருந்தால் ஒரு ஜோடிக்குப் போதும், நாலு சம துண்டாக வெட்டுங்க. வெட்டிய முனையைத் தீக்குச்சியின் பக்கத்தில் ஒரு கணம் காட்டினால் நூல் பிரியாது. நைலான் ரிப்பனுக்குத்தான் இது, பருத்தி என்றால் நிறமில்லாத நகப்பூச்சு தடவுங்க.

இடம் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கு. ஷூவின் குதிகால் துணியை உள்பக்கமாக முன்னோக்கி மடித்து, அடிப்பட்டையின் மேல் படிய அழுத்துங்க. பக்கச் சுவரில், மடிப்பு முடிகிற இடத்தில் ஒரு மூலை விழும். இரண்டு பக்கமும் அந்த மூலையில் உள்புறம் பென்சிலால் குறி வையுங்க. ரிப்பன் அங்கேதான் வரும். நெட்டுக்குத்தாக வேண்டாம், மடிப்புக் கோடு போகிற சாய்விலேயே, மேல்பக்கம் சற்று முன்னால் சாய்ந்து இருக்கட்டும். நேராகத் தைத்தால் கட்டும்போது ஒரு ஓரம் இறுகி, மறு ஓரம் தொளதொளவென்று நிற்கும். குறி வைத்ததும் ஊசி குத்தி, காலில் மாட்டிக் கட்டிப் பார்த்துவிட்டுத் தைப்பது நல்லது. சில பாதத்துக்கு ஒரு விரற்கடை முன்னே பின்னே நகர்த்த வேண்டிவரும்.

நூல் விஷயத்தில் சாதாரணத் தையல் நூலை நம்பாதீங்க, வியர்வையில் நைந்து வகுப்பு நடுவில் அறுந்துவிடும். மெத்தை தைக்கிற தடித்த நூல் நல்லது. பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற மெழுகு நூலை நடனக்காரர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள், வாசனை இல்லாததாக வாங்குங்க.

ரிப்பனின் கீழ்முனையை இரண்டு மடிப்பாக மடித்து உள்புறம் வையுங்க. ஷூ வாயைச் சுற்றி ஒரு சின்னக் குழல் ஓடும், அதற்குள்ளே சுருக்குக் கயிறு இருக்கு. அந்தக் குழலுக்குள் ஊசி போகவே கூடாது. கயிற்றைத் தைத்துவிட்டால் அது அசையாது, வாயைச் சுருக்க முடியாமல் போய்விடும். குழலுக்குக் கீழே ஒரு வரி ஓட்டுத் தையல், பிறகு இரு பக்கமும் கீழேயும் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நெருக்கமாகத் தையுங்க. உள்துணியை மட்டும் பிடித்தால் போதும், வெளிச் சாட்டினில் ஊசி எட்டிப் பார்க்க வேண்டாம். உள்துணி கித்தான் மாதிரி தடிப்பாக இருக்கும், விரல் கவசம் போட்டுக்கோங்க.

இலாஸ்டிக்கை குதிகால் நடுத் தையலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு முனை வருகிற மாதிரி, கணுக்காலைச் சுற்றும் வளையமாகத் தைப்பது ஒரு முறை. கால்மேல் பதிந்த தடம் விழாத அளவுக்குத்தான் இறுக்கம். சில ஆசிரியர்கள் இலாஸ்டிக் வேண்டாம் என்பார்கள், சிலர் குறுக்காகப் போடச் சொல்வார்கள். கேட்டுவிட்டுத் தையுங்க. பாவம், இரண்டாம் தடவை பிரிப்பது கஷ்டம்.

வெம்பிளி அம்மா

தைத்து முடித்தேன் அக்கா, குழலைத் தொடவில்லை. இன்றைய வகுப்பில் ஷூ நன்றாக நின்றது. ஆனால் கட்டு போட்ட இடத்தில், குதிகாலுக்கு மேலே பின்பக்கம், சிவந்து நோகிறது என்கிறாள். தளர்த்திக் கட்டினால் அவிழ்ந்துவிடுகிறது.

ஸ்கார்பரோ ரீச்சர்

முடிச்சு பின்னால் விழுகிறது, அதுதான் காரணம். குதிகாலிலிருந்து கெண்டைக்காலுக்கு ஏறுகிற தடித்த நரம்பு போன்ற தசைநார் அங்கே இருக்கிறது. முடிச்சு அதன்மேல் அழுத்தினால் வீக்கம் வரும், நாளடைவில் பெரிய உபத்திரவமாகிவிடும்.

கட்டும்போது காலை நீட்டிக் கட்டுகிறாளா என்று பாருங்கள். பிள்ளைகள் நுனியை நீட்டி வைத்துக் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால், முழங்காலை மடக்கும்போது தசைநாருக்கு இடம் இல்லாமல் ரிப்பன் அறுக்கும். பாதத்தைத் தரையில் முழுதாக ஊன்றி, முழங்காலை விரலுக்கு மேலே வருமாறு மடக்கி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு ரிப்பனும் பாதத்தின் மேல் குறுக்காகப் போய், கணுக்காலைச் சுற்றி வந்து, உட்பக்கம் சந்திக்க வேண்டும். உள் கணுக்கால் எலும்புக்கும் பின் தசைநாருக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, முடிச்சு அந்தப் பள்ளத்தில். இரட்டை முடிச்சு போட்டு, மிச்சத்தைச் சில சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, சுற்றுக்கு அடியில் செருகிவிடுங்கள். பூ முடிச்சு வேண்டாம், அது புடைத்து நிற்கும்.

சிவப்பு ஓரிரு நாளில் போக வேண்டும். வீங்கினாலோ, படியிறங்கும்போது நொந்தாலோ, ஓய்வு கொடுத்து பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

வெம்பிளி அம்மா

ரீச்சர், அப்படியே காலை நீட்டித்தான் கட்டியிருக்கிறாள். ஊன்றிக் கட்டிப் பார்த்தோம், முடிச்சு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது, நோவில்லை. கடைசியாக ஒன்று: வகுப்பு முடிந்ததும் சப்பாத்து ஈரமாக இருக்கிறது. ஹீட்டர் மேல் காய வைக்கலாமா?

நூலும் ஊசியும்

வேண்டாம். பாக்ஸில் இருப்பது பசை. சூட்டிலும் ஈரத்திலும் அது இளகும், வடிவம் போய்விடும். உள்ளே இருக்கும் விரல் பட்டையை எடுத்துவிட்டு, காற்றுப் படுகிற இடத்தில் நிழலில் வையுங்க. பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீங்க, வலைப் பை வாங்கிக் கொடுங்க. அடுத்த வகுப்புக்குள் முழுதாகக் காய வேண்டும்.

ஸ்கார்பரோ ரீச்சர்

மாதம் ஒருமுறை அந்த முழங்கால் மடக்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். விரல் மடங்கத் தொடங்கினால், ஷூ புதிதாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும். ஷாங்க் வளைந்து பாதத்தை விட்டு விலகினாலும், பாக்ஸ் விரலால் அமுக்கினால் அமுங்கினாலும் அப்படித்தான்.