மோனேயின் செய்ன் நதியை இன்றைய ஓவியமாக்குவது எப்படி?

நீலச்சாயல்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனித் தனியாக முடியாது என்று தோன்றியதால் இங்கே கேட்கிறேன்.

படம் பிரெஞ்சு ஓவியர் மோனே 1874-இல் வரைந்த அர்ஜான்தேய் பாலம் (பாரிஸுக்கு அருகே செய்ன் கரையில் இருக்கும் ஊர் அது), வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருப்பது. செய்ன் நதி, பாய்மரப் படகுகள், வலப்பக்கம் பாலம். அசல் சுமார் 60 x 80 செ.மீ. தான். நான் அதே விகிதத்தில் 3 அடிக்கு 4 அடி கேன்வாஸில் அக்ரிலிக்கில் செய்கிறேன். நகல் எடுக்க விருப்பமில்லை, இன்று வரைந்த படமாக நிற்க வேண்டும்.

முதல் முறை அதே அமைப்பை வைத்துக்கொண்டு தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டில்களும் பாலத்தில் லாரிகளும் சேர்த்தேன். அக்கா பார்த்துவிட்டு, "சுற்றுச்சூழல் தினத்துக்குப் போஸ்டரா?" என்று கேட்டாள். அன்றைக்கே வெள்ளை பூசி மறைத்துவிட்டேன். அடுத்து நியான் நிறங்கள், தட்டையான பரப்புகள் என்று போனேன். பளிச்சென்று வந்தது, ஆனால் அதில் மோனேயும் இல்லை, நதியும் இல்லை. இப்போது மூன்றாவது முறை. கோடு மட்டும் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்கு அந்தப் படத்தின் உயிரே படகில் இருக்கும் ஆள்தான். நெருங்கிப் பார்த்தால் ஆளே இல்லை, மங்கிய நீலத்தில் ஒரு இழுப்பு. தள்ளி நின்றால் ஆள் வந்துவிடுகிறார். 150 வருஷமாக அந்த இழுப்பு அங்கே ஒரு மனிதரை உட்கார வைத்திருக்கிறது. அதை இழக்காமல் இன்றைய படம் செய்ய வழி உண்டா?

கரைமணல்:

பாட்டில் யோசனையைக் கைவிட்டது நல்லது. 2005-இல் தெரு ஓவியர் பேங்ஸி மோனேயின் ஜப்பானியப் பாலத்தை எடுத்து, அல்லிக் குளத்தில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துப் போட்டார். 2020-இல் அது ஏலத்தில் 75 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதற்குப் பிறகு தண்ணீரில் குப்பை போடும் எந்தப் படமும் அதன் நிழலில்தான் நிற்கும்.

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் செய்ததைப் பாருங்கள். மோனேயின் அல்லிக் குளத்தை ஏறக்குறைய 6,50,000 லெகோ கட்டைகளில், 15 மீட்டர் நீளத்தில் அமைத்தார். 2023-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள். அதன் ஒரு பக்கம் கறுப்பாக ஒரு வாசல் இருக்கிறது. தண்டனையாகத் தொலைதூரத்துக்கு அனுப்பப்பட்ட தந்தையோடு சிறுவயதில் அவர் வாழ்ந்த நிலத்தடிக் குழிவீட்டின் வாசல் அது. அந்தக் குளத்துக்குள் அவர் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாசலைத் திறந்திருக்கிறார். உங்களுடைய வாசல் எது என்று யோசியுங்கள்.

பழந்தூரிகை:

நீலச்சாயல், இதே படத்தை நான் இரண்டு முறை நகல் எடுத்திருக்கிறேன். முழுதாக ஒரு மழைக்காலம் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அதை நாம் "பழைய, அமைதியான நதிக்காட்சி" என்று பார்க்கிறோம். மோனேவுக்கு அது பழையது அல்ல. 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் அர்ஜான்தேய் பாலங்கள் அழிந்தன. அவர் லண்டனுக்குப் போய்விட்டார். 1871 கடைசியில் அர்ஜான்தேயில் குடியேறியபோது பாலம் இன்னும் சரியாகவில்லை. சாரம் கட்டிய நிலையிலேயே அதை வரைந்திருக்கிறார். உங்கள் படத்தில் இருக்கும் பாலம், போர் முடிந்து மூன்றே வருஷத்தில், புதிதாக எழுப்பிய பாலம். பாய்மரப் படகுகளும் பாரிஸிலிருந்து ரயிலேறிப் பொழுதுபோக்க வந்தவர்களால் வந்தவை. அவர் வண்ணம் எடுத்த வெள்ளீயக் குழாய்கூட 1841-இல் வந்த கண்டுபிடிப்பு. அந்தக் குழாய் இல்லாமல் படகில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்வது மிகக் கடினம். ஆக, அவர் அன்றைய சமகாலத்தைத்தான் வரைந்தார். லாரியைச் சேர்த்து நீங்கள் செய்ய நினைத்ததை அவர் பாலத்தை வைத்தே செய்துவிட்டார்.

இரண்டாவது, எனக்கு இதுதான் முக்கியம்: அவர் எதை விட்டுவிட்டார்? அர்ஜான்தேயில் தொழிற்சாலைகள் இருந்தன. பாரிஸின் கழிவுநீர், ஆற்றோட்டத்தில் அதற்கு மேலே கிளிஷி, ஆஸ்னியேர் பக்கம் நதியில் கலந்தது. அதே 1874-இல் மோனேயின் நண்பரான இன்னொரு ஓவியர், எதுவார் மானே, அங்கே வந்து, படகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரையும் மோனேயை வரைந்தார். மியூனிக்கில் இருக்கிறது அந்தப் படம். பின்னணியில் புகைபோக்கிகள் தெரிகின்றன! நண்பர் கண்ணில் பட்டவை மோனேயின் பாலப் படத்துக்குள் வரவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த நதியில் எதைப் பார்ப்பது என்று அவர் முடிவெடுத்தார், அவ்வளவுதான். உங்கள் முதல் படம் தோற்றதற்குக் காரணம், நீங்கள் பொருள்களைச் சேர்த்தீர்கள், பார்வையில் முடிவு எடுக்கவில்லை.

மூன்றாவது, அமெரிக்க ஓவியர் எல்ஸ்வர்த் கெல்லி. பாரிஸில் இருந்தபோது 1951-இல் 'செய்ன்' என்ற பெயரிலேயே ஒரு படம் செய்தார். கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். நதியில் ஒளி மினுங்குவதைப் பார்த்துவிட்டு, எந்தக் கட்டம் கறுப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார். படகு இல்லை, பாலம் இல்லை, நீலம்கூட இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் தண்ணீர் மினுங்குகிறது. மோனேயிடமிருந்து ஒன்றே ஒன்றை, அந்த மினுக்கத்தை மட்டும், எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். ஒன்றை வைத்துக்கொள்ளும் துணிச்சல் வேண்டும். நீங்கள் இப்போது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

நகல் எடுத்தபோது கை கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். மரங்களில் வண்ணம் தடிமன், தூரிகை குட்டையாக, நெருக்கமாகப் போகிறது. தண்ணீரில் வேகம், தூரிகை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நான் முதல் நகலில் இரண்டையும் ஒரே வேகத்தில் போட்டேன், மொத்தமும் களிமண் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் படத்தில் கரையையும் நதியையும் பிரிப்பது நிறத்தைவிடக் கையின் வேகம்தான். உங்களுக்குப் பிடித்த அந்த ஆளும் வேகத்தில் பிறந்தவர்.

மரப்பலகை:

ஒரு செய்தி. பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இதே பாலத்தின் இன்னொரு 1874 படம் இருக்கிறது. 2007-இல் இரவில் உள்ளே புகுந்தவர்கள் அதைக் குத்திக் கிழித்தார்கள், சுமார் 10 செ.மீ. கிழிசல். டப்ளினில் இருக்கும் ஒற்றைப் பாய்மரப் படகுப் படத்தையும் 2012-இல் ஒருவர் குத்தினார். அதைச் சீர்செய்து 2014-இல் திரும்ப மாட்டினார்கள். அர்ஜான்தேய் நதி இரண்டு முறை கிழிந்திருக்கிறது. கிழிசலைத் தைத்த தழும்போடு நதியை வரைந்தால்?

உரிமை பற்றி யாராவது கேட்பதற்கு முன்: மோனே 1926-இல் இறந்தார், படங்கள் பொதுவெளிக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. வாஷிங்டன் தளத்தில் பெரிய கோப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

நீலச்சாயல்:

பழந்தூரிகை ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. மரப்பலகை சொன்ன தழும்பு என்னை உலுக்கியது. ஆனால் அது அந்தப் படங்களுக்கு நேர்ந்தது. அதை எடுத்து என் கேன்வாஸில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

காலையில் ஒன்று செய்தேன். கேன்வாஸின் மேல் பாதியைக் காகிதம் ஒட்டி மறைத்தேன். பாலம் இல்லை, வானம் இல்லை, படகின் உடல்கூட இல்லை. கீழே தண்ணீரில் விழுந்த பிம்பங்கள் மட்டும். பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. முழுக் கேன்வாஸும் தண்ணீராகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதில் மோனே விட்டுவிட்ட புகைபோக்கிகளின் பிம்பமும் விழும். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது நதிக்குத் தெரியும், இல்லையா? படகு ஆளின் நீல இழுப்பு தலைகீழாக.

ஒரே பயம், புகைபோக்கி தெரிந்துவிட்டால் மறுபடி போஸ்டராகிவிடுமா?

பழந்தூரிகை:

ஆகும். புகைபோக்கி என்று அடையாளம் தெரியும்படி வரைந்தால், பார்ப்பவர் அதைக் கண்டுபிடித்ததும் நகர்ந்துவிடுவார். உருவத்தை வரையாதீர்கள், நிறத்தை மட்டும் விழவிடுங்கள். செங்கல் சிவப்பில் நான்கைந்து நிமிர்ந்த இழுப்பு, அதன்மேல் சாம்பலும் ஊதாவும் கலந்த கிடைக்கோடுகள் வெட்டிப் போகட்டும். ஆளுக்கு மோனே செய்ததை நீங்கள் புகைக்குச் செய்யுங்கள்.

அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும், ஈரத்தின்மேல் ஈரம் போட நேரம் கிடைக்காது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் கலந்து, கேன்வாஸில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு இரண்டு சாண் அகலம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குலத் தட்டைத் தூரிகை, தோளிலிருந்து வீச்சு. மணிக்கட்டால் போட்டால் இவ்வளவு பெரிய கேன்வாஸில் அலை எல்லாம் கொசுவாகிவிடும்.

நீல ஆளைக் கடைசியில் வையுங்கள். ஒரே இழுப்பு. சரியாக வராவிட்டால் திருத்தாமல், ஈரம் காய்வதற்குள் துடைத்துவிட்டு மறுநாள் போடுங்கள்.

நீலச்சாயல்:

தோளிலிருந்து வீசுவதற்காக ஈசலை எடுத்துவிட்டுக் கேன்வாஸைச் சுவரில் அடித்தாயிற்று. இடது ஓரத்தில் இரண்டு சாண் முடிந்திருக்கிறது. சிவப்பு இழுப்பு மூன்று விழுந்திருக்கிறது, அக்காவிடம் காட்டினேன். "தண்ணிக்குள்ள என்ன எரியுது?" என்று கேட்டாள். மீதியை முடித்துவிட்டுப் படம் ஏற்றுகிறேன்.