கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் துறை: எங்கிருந்து தொடங்குவது?

புதுப்பொறுப்பு:
அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் நூலக அறிவியல் முதுகலைப் படிப்புக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். நான் கத்தோலிக்கன் அல்ல. முதல் நாளே மேசையில் அங்கீகாரக் கோப்புகள் குவிந்து கிடந்தன. எதை முதலில் கையில் எடுப்பது?

பழைய அட்டவணை:
கோப்பைத்தான். அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாத பட்டத்துக்கு அங்கே பல நூலகங்களில் வேலை கிடைக்காது. முழு ஆய்வு பொதுவாக 7 ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஆறாம் ஆண்டில் ஆதாரம் தேட உட்கார்ந்தால் தொலைந்தீர்கள். கூட்டக் குறிப்பு, மாணவர் கருத்து எல்லாவற்றையும் அன்றன்றே எடுத்து வையுங்கள். பதினோரு ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தவள் சொல்கிறேன். மதமா? கூட்டம் ஜெபத்தோடு தொடங்கும். நான் தலைகுனிந்து நிற்பேன். யாரும் எதுவும் கேட்டதில்லை.

பாடத்தில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். 1937இல் ஜெனட் மர்பி லின் கத்தோலிக்க நூல்களுக்கென்றே ஒரு வகைப்பாடு, அதாவது பொருள்வாரியாக எழுத்தும் எண்ணும் தந்து அடுக்கும் முறை, வெளியிட்டார். அது பயன்படுத்திய ‘பி க்யூ’ எழுத்துகளை அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் பிற்பாடு தன் வகைப்பாட்டில் பௌத்தத்துக்கு ஒதுக்கிவிட்டது. எங்கள் அலமாரியில் திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்ககாலக் கிறிஸ்தவ ஆசிரியர்களின் நூல்கள் பக்கத்தில் ஒருநாள் தம்மபதம் இருந்தது. வகைப்பாட்டுப் பாடத்தை நான் அந்த அலமாரி முன்னால்தான் நடத்தினேன்.

புதுப்பொறுப்பு:
நன்றி அம்மா. எங்கள் அலமாரியைத் திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

தாள்பூச்சி:
புத்தகங்களின் பழைய வகைப்பாட்டு எண்களை அழித்துவிடாதீர்கள். மூத்த குருமார் இன்னமும் அவற்றைச் சொல்லித்தான் புத்தகம் கேட்பார்கள்.